லைடார் வைத்த வேமோவா, கேமராவை நம்பும் டெஸ்லாவா?

டிரைவர் இல்லாத கார் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். எட்டு கேமரா இருந்தால் போதும், மற்றதெல்லாம் தண்டச்செலவு என்பது டெஸ்லா கட்சி. லைடார் என்ற லேசர் சென்சார் இல்லாமல் ரோட்டில் இறங்கவே கூடாது என்பது, டிரைவர் இல்லாத டாக்சி ஓட்டும் வேமோவின் கட்சி. சண்டை முழுக்க சென்சாரைச் சுற்றியே நடக்கிறது. என் கணக்கில் சென்சார் இரண்டாம் பட்சம்தான், கார் இடித்தால் யார் பொறுப்பு ஏற்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆனாலும் சென்சாரில் இருந்தே ஆரம்பிப்போம், காசு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வேமோ 2009-ல் கூகுளுக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கி, 2016 டிசம்பரில் தனிக் கம்பெனி ஆனது. சான் பிரான்சிஸ்கோ, பீனிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் சுற்றும் அதன் வெள்ளை ஜாகுவார் ஐ-பேஸ் காரில் 29 கேமரா, 6 ரேடார், 5 லைடார் இருக்கின்றன. லைடார் லேசர் ஒளியை வீசி, அது எதிரில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத் தூரத்தை அளக்கும். ராத்திரியா பகலா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கேமராவோ படம் மட்டும்தான் தரும், அந்தப் படத்தில் தெரியும் லாரி எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று மென்பொருள்தான் கணித்துச் சொல்ல வேண்டும். கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறுகிற அந்தச் சில தடவைகள்தான் பிரச்சினை.

டெஸ்லா எதிர்த் திசையில் போனது. 2021 மே மாதம் அமெரிக்காவில் விற்ற மாடல் 3, மாடல் ஒய் கார்களில் இருந்து ரேடாரை எடுத்தார்கள், அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒலியலையால் தூரம் அறியும் அல்ட்ராசானிக் சென்சார்களையும் கழற்ற ஆரம்பித்தார்கள். லைடாரை நம்புகிறவர்கள் தேறமாட்டார்கள் என்ற பொருளில் எலான் மஸ்க் 2019-லேயே மேடையில் சொல்லிவிட்டார். மனுஷன் இரண்டு கண்ணை வைத்துத்தானே ஓட்டுகிறான், காருக்கு மட்டும் ஏன் லேசர் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர் வெயில் அடித்தால் நாம் கண்ணைச் சுருக்குவோம், தலையைச் சாய்ப்போம், ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஓரமாக நிறுத்திவிடுவோம். 2024 அக்டோபரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 24 லட்சம் டெஸ்லா கார்கள் மீது விசாரணை தொடங்கியதே, அதன் காரணம் இதுதான்: வெயில் கூச்சம், பனிமூட்டம், தூசி இருந்த இடங்களில் அதன் தானியங்கி மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தபோது நான்கு விபத்துகள், அதில் நடந்துபோன ஒருவர் உயிரிழந்தார்.

சரி, டெஸ்லா ஏன் லைடாரை ஒதுக்கியது? விலை. ஆரம்ப காலத்தில் கூரைமேல் சுழலும் வெலோடைன் கம்பெனி லைடார் ஒன்று சுமார் 75,000 டாலர், காரை விட அதிகம். அந்தக் காலத்தில் அந்த முடிவு நியாயமானதே. ஆனால் அதற்குப் பிறகு சீனாக்காரர்கள் வந்து விலையை அடித்து இறக்கிவிட்டார்கள். ஹெசாய் கம்பெனி சாதாரணக் கார்களில் பொருத்துகிற லைடாரை 200 டாலருக்கும் கீழே தருகிறேன் என்று அறிவித்தது. ரோபோடாக்சிக்கு, அதாவது டிரைவர் இல்லாத டாக்சிக்குத் தேவைப்படும் நெடுந்தூர லைடார் இன்னும் விலை அதிகம்தான், என்றாலும் பழைய வாதத்தில் பாதி கரைந்துவிட்டது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 2024 அக்டோபரில் டெஸ்லா ஸ்டியரிங், பெடல் எதுவும் இல்லாத சைபர்கேப் என்ற காரைக் காட்டி, 30,000 டாலருக்குள் வரும் என்றது. அதற்கு சில மாதம் முன்பே சீனாவின் பைடு கம்பெனி தன் ஆர்டி6 ரோபோடாக்சியின் விலையை அறிவித்துவிட்டது, சுமார் 2 லட்சம் யுவான், அதாவது அதே 30,000 டாலருக்குள். அதில் லைடாரும் இருக்கிறது!

டெஸ்லாவின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் கார்கள் தினமும் ஓடி வீடியோ சேர்த்துக் கொடுக்கின்றன, அதுவும் அந்த வாடிக்கையாளரின் காசில். அதன் ஓட்டும் மென்பொருளின், 2024-ல் பரவலாக வந்த 12-ஆம் பதிப்பில் இருந்து, மனிதர்கள் கையால் எழுதிய விதிகளைப் பெரும்பாலும் தூக்கிவிட்டு, கேமராவில் இருந்து ஸ்டியரிங் வரை அந்த வீடியோக்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஒரே நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பிரிவின் தலைவர் அசோக் எல்லுசாமி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இந்த மென்பொருளுக்கு ஊர் ஊராக நுணுக்கமான மேப் வரைந்து வைத்திருக்க வேண்டியதில்லை, முன்பின் போகாத ஊரிலும் ஓட்டும். வேமோ அப்படி இல்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் முதலில் தன் கார்களை அனுப்பி, மேப் போட்டு, சோதித்து, அப்புறம்தான் ஆளை ஏற்றும். ஆமை வேகம் என்று கிண்டல் செய்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது பொறுப்புக்கு வருவோம். டெஸ்லா தன் மென்பொருளை முழுத் தானியங்கி என்ற பெயரில் விற்றுவிட்டு, 2024-ல் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'மேற்பார்வையுடன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. அதாவது தானியங்கிக் கார்களின் தரவரிசையில் இது நிலை 2, ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது நீங்கள், இடித்தால் முதலில் மாட்டுவதும் நீங்கள். வேமோ நிலை 4, முன் சீட்டில் யாருமே இல்லை, ஓட்டுவது கம்பெனிதான், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். 2025 ஏப்ரலில் வேமோ வாரத்துக்கு இரண்டரை லட்சம் கட்டணச் சவாரிகள் ஓட்டிக்கொண்டிருந்தது. 5.67 கோடி மைல்களை வைத்து வந்த ஆய்வில், மனிதர்கள் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் நடந்துபோகிறவர்கள் காயமடையும் விபத்துகள் 92 சதவீதம் குறைவு என்றார்கள். எழுதியவர்கள் வேமோ ஆட்கள்தான், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் ஆய்விதழில் மற்ற நிபுணர்கள் பார்த்த பிறகு வெளியானது, விபத்து விவரங்களையும் அவர்கள் திறந்தே வைக்கிறார்கள். டெஸ்லாவோ அரசுக்குக் கொடுக்கும் விபத்து அறிக்கையில் என்ன நடந்தது என்ற பத்தியையே மறைத்து வந்தது. எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

மஸ்க் 2019-ல் அடுத்த ஆண்டே பத்து லட்சம் ரோபோடாக்சி என்றார். நடந்தது என்னவென்றால் 2025 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சில மாடல் ஒய் கார்கள், அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும், ஊரின் ஒரு பகுதிக்குள் மட்டும், டிரைவர் பக்கத்து சீட்டில் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க, 4.20 டாலர் கட்டணத்தில். எங்கும் ஓடும் என்று சொன்னவர்கள், பொறுப்பு தங்கள் தலையில் விழுகிறது என்றதும் வேமோ மாதிரியே வேலி போட்டுக்கொண்டார்கள். வேமோவும் டெஸ்லா பக்கம் நகர்ந்துதான் வருகிறது. ஆறாம் தலைமுறையில் கேமரா 29-ல் இருந்து 13 ஆனது, லைடார் 4 ஆனது.

வேமோவில் குறை இல்லையா என்றால், நிறைய. வழியை அடைக்கும் கேட்டிலும் சங்கிலியிலும் போய் முட்டியதால் 2025 மே மாதம் 1,200-க்கும் மேற்பட்ட கார்களின் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்வெட்டு வந்து சிக்னல் எல்லாம் அணைந்தபோது, பல வேமோ கார்கள் சந்திப்புகளிலேயே திகைத்து நின்று போக்குவரத்தை அடைத்துவிட்டன. நம்ம ஊர் டிரைவர் யாராக இருந்தாலும் சிக்னல் அணைந்ததைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்.

இந்தத் தொழிலில் தொழில்நுட்பத்தை விட நேர்மை முக்கியம் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் ரோபோடாக்சிக் கம்பெனியான க்ரூஸ் சாட்சி. 2023 அக்டோபரில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் அவர்கள் கார் அடியில் சிக்கி இழுபட்டார். அந்த இழுபட்ட பகுதியை அதிகாரிகளிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதில்தான் கதை முடிந்தது, கலிபோர்னியா அனுமதியை நிறுத்தியது, 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோடாக்சிக்குப் பணம் போடுவதையே விட்டுவிட்டது. அவர்களிடம் லைடாரும் இருந்தது, மேப்பும் இருந்தது.

ஆகவே இன்றைக்கு பின் சீட்டில் உட்காரச் சொன்னால் நான் வேமோவில்தான் ஏறுவேன், யோசிக்கவே மாட்டேன். பத்து வருடம் கழித்து யார் லாபம் பார்ப்பார்கள் என்றால் டெஸ்லாவைத் தள்ளிவிட முடியாது, கேமரா மட்டும் போதும் என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் அவ்வளவு மலிவாக, அவ்வளவு வேகமாக யாராலும் ரோபோடாக்சிகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. ஆனால் அந்த 'நிரூபித்துவிட்டால்' பல வருடமாக அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்றே போகிறது.

கடைசியாக இந்திய வாசகர்களுக்கு. 2025 ஜூலையில் மும்பையில் டெஸ்லா கடை திறந்தபோது, சுமார் 60 லட்சம் ரூபாய் மாடல் ஒய் காருக்கு இந்த மென்பொருள் தனியாக 6 லட்சம் என்று போட்டார்கள். டிரைவர் இல்லாத காரை இந்தியாவில் விடவே மாட்டேன், டிரைவர்களின் பிழைப்பு போய்விடும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023-லேயே சொல்லிவிட்டார். கார் பிடித்திருந்தால் வாங்குங்கள், அந்த 6 லட்சத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.