ஒரே ஈற்று, இரண்டு வீடு: டெரியர் குட்டியைப் பயிற்சிக்கு அனுப்புவதா, நாமே பழக்குவதா?

போன வருடம் மார்ச்சில் நானும் அண்ணனும் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஜாக் ரசல் டெரியர் நாய்க்குட்டிகளை ஒரே நாளில் வாங்கி வந்தோம். பெண் குட்டி எங்களிடம், பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட். பெயர் கடுகு. ஆண் குட்டி அண்ணனிடம், ராமமூர்த்தி நகரில் தனி வீடு, வாசலில் கொஞ்சம் மண் தரையும் ஒரு கறிவேப்பிலை மரமும். பெயர் ராக்கி. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, வயது ஒன்று, ஆனால் வளர்ந்த விதம் வேறு வேறு. அண்ணன் ராக்கியை ஒரு மாதம் போர்டிங் பயிற்சிக்கு, அதாவது ட்ரெய்னரின் இடத்திலேயே தங்கவைத்துப் பழக்குவதற்கு, அனுப்பினார், நாங்கள் கடுகை வீட்டில் வைத்தே பழக்கினோம். இப்போது இரண்டுக்கும் 14 மாதம். எது தேவலை என்று கேட்கிற நண்பர்கள் நிறைய, அதனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். இரண்டு வீட்டிலும் ஆட்கள் வேறு, இடம் வேறு, குட்டிகளின் சுபாவமும் கொஞ்சம் வேறு என்பதால் எல்லா வித்தியாசத்தையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் எட்டு வாரம் முடிந்த பிறகுதான் வாங்கினோம். அதற்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. 35 நாள் குட்டி, 40 நாள் குட்டி என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டுதான் கற்றுக்கொள்கிறது.

டெரியர் என்றால் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ளாமல் எந்த முறையையும் எடைபோட முடியாது. டெர்ரா என்றால் லத்தீனில் மண், அதிலிருந்து வந்த பெயர் இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரசல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழிவந்தவை இவை. வளைக்குள் ஒளிந்த நரியைத் தேடிப் போய், குலைத்து, வெளியே விரட்டுவது இவற்றின் வேலை. அந்த இருட்டில் எஜமான் கூட இருக்க மாட்டார், என்ன செய்வது என்று நாயேதான் முடிவெடுக்க வேண்டும். தோண்டுவது, விடாமல் குலைப்பது, ஓடுகிறதைத் துரத்துவது, சொன்னதைச் செய்வதற்கு முன் ஒரு நொடி யோசிப்பது என்று நாம் குறையாகச் சொல்கிற அத்தனையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குணங்கள். வளர்ந்தாலும் ஐந்தாறு கிலோதான், தோளுயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். சின்ன உருவம், ஃப்ளாட்டுக்கு ஏற்றது என்று வாங்குகிறவர்கள் இந்த முன்கதையைக் கேட்காமலே வாங்குகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதல் வித்தியாசம் போர்டிங்குக்கு ரொம்ப முன்பே ஆரம்பித்தது. தடுப்பூசி எல்லாம் முடிகிற 16 வாரம் வரை குட்டியை வாசல் தாண்ட விடாதீர்கள் என்று அண்ணனுக்கு யாரோ சொல்ல, அவர் அப்படியே செய்தார். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் பற்றிய பயம் நியாயமான பயம்தான், தடுப்பூசி முழுசாகப் போடாத குட்டியைத் தெருநாய்கள் புழங்கும் தரையில் விடக் கூடாது. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் குட்டியின் மனசு புதுசு எதையும் லேசாக ஏற்றுக்கொள்கிற காலம், அதைப் பூட்டிய வீட்டுக்குள் கழித்தால் அப்புறம் திரும்பி வராது. நாங்கள் கடுகை ஒரு துணிப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, தினமும் தூக்கிக்கொண்டு போனோம். தரையில் இறக்கவே இல்லை. சோமேஸ்வரர் கோயில் மணிச் சத்தம், பூக்கடை, ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆட்கள், ஸ்கூல் விட்டு ஓடிவரும் பிள்ளைகள், குக்கர் விசில் எல்லாம் பையிலிருந்தே பார்த்தாள், கேட்டாள். செப்டம்பரில் விநாயகர் ஊர்வலங்கள் தமட்டை மேளத்தோடு அல்சூர் ஏரிக்கு வந்தபோது ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். ராக்கி தீபாவளி மூன்று நாளும் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தான், சாப்பாடுகூட அங்கேயே. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, தூக்கிக்கொண்டாவது வெளியே போங்கள்.

உச்சா பழக்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேப்பரில் பழக்கி அப்புறம் தெருவுக்கு மாற்றுவது நீண்ட வழி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடுவது குறுகிய வழி, ஆனால் மூன்று மாடி. அண்ணனுக்கு வாசல் இருந்ததால் மூன்றே வாரத்தில் முடிந்தது, எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது.

அப்புறம் கடி. பால் பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. நாலாவது மாதம் வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும், அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும் என்பதால் கிடைத்ததை எல்லாம் மெல்லும். சாயங்காலம் ஏழு மணி ஆனால் கடுகுக்கு ஒரு வெறி வரும், கூடத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து என் மாமியாரின் சேலை முந்தானையைப் பிடித்துத் தொங்குவாள். அத்தை முந்தானையை இழுக்க, அவளுக்கு அது இன்னும் நல்ல விளையாட்டாகப் போய்விடும், உறுமிக்கொண்டே தலையை உதறுவாள். எலியைப் பிடித்தால் எப்படி உதறுமோ அதே உதறல். மூக்கில் ஒரு தட்டுத் தட்டு என்பது அண்ணன் வீட்டு முறை. லேப்ரடார் குட்டி ஒருவேளை ஒதுங்கிப் போகலாம், ராக்கி தட்டினால் திரும்பி வந்து இரண்டு மடங்கு வேகமாகக் கடித்தான், பத்து நாளில் கை மேலே வந்தாலே பல்லைக் காட்ட ஆரம்பித்தான். நாங்கள் செய்தது, பல் தோலில் பட்ட உடனே விளையாட்டை நிறுத்தி, எழுந்து, கதவுக்கு அந்தப் பக்கம் அரை நிமிடம் போய் நிற்பது. அத்தைக்கு அது முடியாததால் சேலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்ததை இன்னொரு கையால் நீட்டுவார். ஆறு வாரம் பிடித்தது. இன்னொன்றும் கவனித்தோம், அந்த ஏழு மணி வெறியில் பாதி தூக்கக் குறைவு. இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும், வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் அது தானாகத் தூங்காது. ஆறு மணிக்கே க்ரேட்டில், அதாவது அவள் படுக்கும் கூண்டில், படுக்கவைத்துத் துணியால் மூடியதும் வெறி பாதியாகக் குறைந்தது.

இனி முக்கியமான விஷயம். ஆறாவது மாதம் முடிந்ததும் இரண்டுமே மாறிப்போயின. கூப்பிட்டால் பறந்து வந்த கடுகு, "வா" என்றால் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் நடப்பாள். எட்டாவது மாதத்தில் தினமும் கடந்து போகிற குப்பை மூட்டை ஒன்றைப் பார்த்து ரோமம் சிலிர்த்துப் பின்வாங்கினாள், கறுப்பு பிளாஸ்டிக் பை, புதுசாக ஒன்றும் இல்லை. இந்த வயதில் இப்படித் திடீர்ப் பயம் வருவது உண்டு. இழுத்துக்கொண்டு போய் மோந்து பார்க்க வைக்காமல், தூரத்தில் நின்று, அவளே இரண்டடி எடுத்து வைக்கிற வரை காத்திருந்தால் போதும், நாலு நாளில் சரியானது.

ராக்கிக்கு இதே பருவம் வந்தபோதுதான் அண்ணன் 25,000 ரூபாய் கட்டிப் போர்டிங்கில் விட்டார். ஊருக்கு வெளியே பெரிய இடம், ஒரு மாதம், தினமும் வீடியோ அனுப்பினார்கள். வீடியோவில் ராக்கி சிட் என்றால் உட்காருகிறான், டவுன் என்றால் படுக்கிறான், ட்ரெய்னர் காலை ஒட்டியே நடக்கிறான். அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம். கூட்டி வந்த அன்று ட்ரெய்னர் எதிரில் எல்லாம் செய்து காட்டினான். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அண்ணி எனக்கு போன் பண்ணி, "என்னம்மா இது, நான் சொன்னா மட்டும் காது கேக்காத மாதிரியே இருக்கான்" என்றார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2020இல் நியூகாசில், நாட்டிங்ஹாம், எடின்பரோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் வெளியிட்டது. பருவம் அடைகிற எட்டு மாத வயதில் நாய்கள் ஐந்து மாதத்தில் கேட்டதைவிடக் குறைவாகவே தங்களை வளர்ப்பவர் சொல்வதைக் கேட்டன, அதே நாய்கள் வேற்றாள் சொன்னபோது கேட்டன. அவர்கள் பார்த்தவை லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மாதிரி வழிகாட்டி நாய் இனங்கள், டெரியர் இல்லை. ஆனாலும் அண்ணி சொன்னதும் இதுவும் அப்படியே பொருந்துகிறது. வளர்ப்பவரோடு முரண்டு பிடிக்கிற அந்தப் பருவத்தில், பழகாத ஆளிடம் ஒரு மாதம் அனுப்பினால் அங்கே அது நன்றாகத்தான் நடந்துகொள்ளும். முரண்டு இருப்பது வீட்டில், நம்மோடு, அதை அங்கே எப்படிச் சரிசெய்வார்கள்?

மொழியும் ஒரு காரணம். போர்டிங்கில் எல்லாம் அதட்டலான ஆங்கிலம். அண்ணன் வீட்டில் அண்ணி "உட்காருடா" என்பார், பையன் சிட் என்பான், வேலைக்கு வரும் அம்மா கன்னடத்தில் "கூத்கோ" என்பார். எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது, பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, வா, உட்கார், விடு, இரு என்று நாலே நாலு வார்த்தை, எல்லோரும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். இதற்குப் பைசா செலவில்லை, வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரிந்தது.

போர்டிங்கில் எனக்கு மனசு ஒப்பாத விஷயம் இன்னொன்று. ராக்கி திரும்பியபோது கழுத்தில் இறுக்குகிற சங்கிலி இருந்தது, இழுத்தால் சுருக்கு விழும். ஐந்து கிலோ நாயின் கழுத்து அது. அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் எந்த நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைதான் சரி, வலி கொடுக்கும் கருவிகள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லா போர்டிங்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை நம்மையும் வரவழைத்து நம் கையால் செய்யவைக்கிற இடம் என்றால், சங்கிலி இல்லை என்றால், வெளிநாடு போகிறவர்களோ பிரசவம் நெருங்குகிற வீட்டிலோ யோசிக்கலாம்.

நாங்கள் போனது எட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, 9,000 ரூபாய். அங்கே கற்றுக்கொண்டது பெரும்பாலும் நாங்கள்தான். மீதி எல்லாம் வீட்டில், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தடவை, அவித்த கோழித்துண்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு. இதன் குறை, நேரம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அத்தை இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எந்தப் பயிற்சியாலும் போகாத ஒன்று துரத்தல். கப்பன் பார்க்கில் கடுகு அணிலைப் பார்த்துவிட்டால் வா, விடு எதுவும் காதில் ஏறாது. ராக்கியும் அப்படித்தான், 25,000 ரூபாய்க்கு அது போகவில்லை. அதனால் தெருவிலோ பார்க்கிலோ கயிறு இல்லாமல் டெரியரை விடாதீர்கள், எவ்வளவு சொன்னபடி கேட்டாலும் சரி. பத்து மீட்டர் நீளக் கயிறும், கழுத்தை இறுக்காமல் மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் பட்டையும் போதும். ராக்கி ஒரு பெருச்சாளியைப் பிடித்தே விட்டான், அன்றைக்குத்தான் அண்ணன் எலிக்காய்ச்சல் தடுப்பூசி அட்டையில் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. உங்கள் குட்டியின் அட்டையையும் பாருங்கள், டெரியருக்கு அது முக்கியம்.

பந்து எறிந்து எறிந்து களைக்க வைக்கலாம் என்று அண்ணன் ஆரம்பத்தில் நம்பினார். ஒரு மணி நேரம் எறிந்தால் அடுத்த வாரம் ஒன்றரை மணி நேரம் கேட்கும், உடம்பு அதற்குத் தகுந்தாற்போல் தயாராகிவிடும். மூக்குக்கு வேலை கொடுத்தால் கால் மணி நேரத்தில் படுத்துவிடும். கடுகின் ராத்திரிச் சாப்பாடு தட்டில் கிடையாது, பழைய துண்டில் சுருட்டி, அட்டைப் பெட்டிக்குள், செருப்பு அலமாரிக்குப் பின்னால் என்று ஒளித்து வைப்போம்.

இரண்டையும் பார்த்த பிறகு, வீட்டில் நாள் முழுக்க ஒரு ஆளாவது இருந்தால் நாமே பழக்குவதுதான் என் கட்சி, அதுவும் முதல் 14 வாரத்தையும் எட்டாம் மாதத்தையும் வேறு யார் கையிலும் கொடுக்காமல். ஆள் இல்லை என்றால் போர்டிங்கைவிட வீட்டுக்கே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லித்தரும் ட்ரெய்னர் நல்லது.

அண்ணன் சங்கிலியைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. வாசலில் கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில் நாலடிக்கு நாலடி செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, தோண்டுவதற்கென்றே ஒரு இடம் செய்திருக்கிறார். போன ஞாயிறு போனபோது அண்ணி அதில் கோழித்துண்டு புதைத்துக்கொண்டிருந்தார். ராக்கி பின்னங்கால் மட்டும் தெரிகிற அளவுக்கு உள்ளே போய்த் தோண்டினான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி "ராக்கி, வா" என்றார், அதட்டாமல். இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாவது முறை மூக்கெல்லாம் மணலோடு தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு நொடி யோசித்து, வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான்.