மாவுப் போசியோடு கடைக்குப் போனோம்: மேல் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ், மூன்று கோடைகளுக்குப் பிறகு

பதினான்கு ஆண்டுகள் உழைத்த சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜை மாற்றுவதென்று முடிவாகி, கோபிச்செட்டிபாளையம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து ஈரோட்டுக் கடை ஒன்றுக்குக் கிளம்பிய அன்று, அம்மா ஒரு துணிப்பைக்குள் இட்லி மாவு வைக்கும் பாத்திரமான மாவுப் போசியையும் வைத்து எடுத்து வந்தார். கடையில் எல்லோருக்கும் முன்னால் அதை வெளியே எடுத்தபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. விற்பனைப் பையன் லிட்டர் கணக்கையும் ஸ்டார் கணக்கையும் ஒப்பித்துக்கொண்டிருக்க, அம்மா குறுக்கிட்டு, "ஏனுங் தம்பி, இந்தத் தட்டக் கொஞ்சம் மேல ஏத்திக் காட்டுங்க, போசி போகுதான்னு பாக்கோணும்" என்றார். அன்று கடையில் நடந்த பரிசோதனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் வாங்கியது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கான, 260 லிட்டரை ஒட்டிய மேல் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ். கடைகளில் இதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'டபுள் டோர்' என்றால் இதுதான். மேலே சிறிய கதவுக்குள் ஃப்ரீசர், கீழே பெரிய கதவுக்குள் மற்றதெல்லாம். பழைய சிங்கிள் டோரில் ஃப்ரீசர் என்பது உள்ளேயே இருந்த ஒரு பெட்டி. அதைச் சுற்றி ஐஸ் மலைபோல் ஏறியதும் பொத்தானை அழுத்திவிட்டு, உருகி வழியும் தண்ணீருக்குக் கீழே துணி விரித்துக் காத்திருக்க வேண்டும். புதியதில் அந்த வேலை இல்லை. ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் குளிர்க்குழாய்களின் மேல் ஒரு சிறு விசிறி காற்றை ஓட்டி, அந்தக் காற்றில் ஒரு பகுதியைக் கீழறைக்கு இறக்குகிறது. குழாய்களில் படியும் உறைபனியை அவ்வப்போது ஒரு ஹீட்டர் உருக்க, அந்தத் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாக இறங்கிக் கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, கம்ப்ரஸரின் சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது.

இந்த அமைப்பில் கம்ப்ரஸர் அடியிலும் ஃப்ரீசர் உச்சியிலும் இருப்பதால், வீட்டிலேயே அதிகக் குளிர் வேண்டிய அறை, சூடு கிளம்பும் இடத்திலிருந்து தள்ளி நிற்கிறது. கதவில் தண்ணீர்க் குழாயோ ஐஸ் கொட்டும் வாயோ கிடையாது. பழுதாக வேண்டிய உறுப்புகள் குறைவு என்பதால்தான், சிங்கிள் டோரைத் தவிர்த்த மற்ற வகைகளைவிட இது விலையிலும் மின்செலவிலும் இறங்கி நிற்கிறது. எங்களுடையதன் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 200 யூனிட்டை ஒட்டிய எண் இருந்தது. அதாவது இரண்டு மாதக் கரண்ட் பில் ஒன்றுக்கு 35 யூனிட் அளவு. அதே கடையில் நாங்கள் ஆசையோடு திறந்து பார்த்த, ஃப்ரீசரும் குளிரறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சைடு பை சைடு ஒன்றின் எண் அதைப்போல இருமடங்கை நெருங்கியது. நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடுகிறது. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இந்த வித்தியாசத்தைச் சின்னது என்று தள்ளிவிட முடியாது.

ஸ்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுடையதுபோல் உறைபனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களுக்கு ஸ்டார் ஸ்டிக்கர் 2010 முதல் கட்டாயம் என்றாலும், சிங்கிள் டோரின் டைரக்ட் கூல் வகைக்கு அட்டவணை வேறு, ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு வேறு. கொள்ளளவுக்குத் தக்கபடி அளவுகோலும் மாறும். ஆகவே பெரிய ஃப்ரிட்ஜின் நான்கு ஸ்டார், சின்ன ஃப்ரிட்ஜின் இரண்டு ஸ்டாரைவிட அதிகக் கரண்ட் இழுப்பது நடக்கக்கூடியதே. ஸ்டாரை எண்ணுவதை விட்டுவிட்டு, அதே ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டு யூனிட் எண்ணைப் படிப்பதே நல்லது.

இனி குறைக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் பையன் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவு வரை, எந்தக் கதவை எத்தனை முறை திறக்கிறோம் என்று காலண்டர் தாளின் பின்புறம் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கீழ்க்கதவு 41 முறை, ஃப்ரீசர் 3 முறை. அந்த மூன்றும் தேங்காய்த் துருவலுக்கும், ஐஸுக்கும், பேரன் ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று பார்த்ததற்கும் போனவை. கறி எடுக்கிற அன்றே சமைத்து முடிக்கிற எங்கள் வீடுகளில் ஃப்ரீசருக்குள் இருப்பவை பட்டாணியும் தேங்காயும் ஊத்துக்குளி வெண்ணெயும்தான். இப்படி அபூர்வமாகத் திறக்கும் அறை கண்ணுக்கு நேராக, நிமிர்ந்து நின்று எடுக்கும் உயரத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்க, நாள் முழுவதும் தேவைப்படும் காய்கறிப் பெட்டி முழங்காலுக்கும் கீழே கிடக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி. உழவர் சந்தையிலிருந்து காய் வந்த அன்று அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜின் முன் உட்கார்ந்து, கருவேப்பிலையைத் தினத்தாளில் சுருட்டி, கொத்தமல்லியின் வேரைக் கிள்ளி, அவரையையும் கத்தரியையும் தனித்தனித் துணிப்பையில் கட்டி அடுக்கி முடிப்பதற்குள் கதவு திறந்தே கிடந்து, கீங் கீங் என்று கத்தத் தொடங்கிவிடும்.

திருப்பூரில் இருக்கும் அக்கா வீட்டில் ஃப்ரீசர் அடியில் இருக்கும் வகை. அங்கே காய்கறிப் பெட்டி இடுப்பளவில் வருகிறது. பால், தயிர், மாவு எல்லாம் குனியாமல் எடுக்கலாம். ஃப்ரீசர் இழுப்பறைகளாக இருப்பதால், அடியில் போனது எது என்று தெரியாமல் தோண்ட வேண்டியிருக்கிறது என்பது அக்காவின் குறை. விலை எங்களுடையதைவிட ஐந்தாறாயிரம் கூடியிருந்தது, கடையில் காட்ட இருந்த மாடல்களும் இரண்டே இரண்டு. அன்றைக்கு அம்மாவின் முழங்காலை நினைத்திருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பேன். நான் நினைக்கவில்லை, போசி போகுதா என்று மட்டும் பார்த்தோம்.

போசி, சொல்லப்போனால், நன்றாகவே போயிற்று. பத்து லிட்டர் போசிக்கு ஒரு தட்டை மேலே ஏற்ற வேண்டியிருந்தது; அகலம் முழுவதும் ஒரே தட்டாக ஓடுவதால், பக்கத்தில் தயிர்ச் சட்டிக்கும் குழம்புக் கிண்ணத்துக்கும் இடம் மிஞ்சியது. சைடு பை சைடில் இந்த வசதி கெட்டுவிடுகிறது. ஐந்நூறு, அறுநூறு லிட்டர் என்று எண் பெரிதாக இருந்தாலும் அதை நெடுக்குவாக்கில் பிளந்து வைத்திருப்பதால், ஃப்ரீசர் பக்கம் ஒல்லியான அலமாரியாகி, ஒரு தாம்பாளத்தைக்கூடப் படுக்கையாக வைக்க முடியாது. கோயம்புத்தூரில் பங்காளி வீட்டில் அதை ஏற்றியபோது, மூன்றடி அகலப் பெட்டி சமையலறை நிலைக்குள் நுழையாமல், இன்று வரை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே இரண்டு கதவும் கீழே ஃப்ரீசர் இழுப்பறையுமாக வரும் ஃப்ரெஞ்சு டோர், குனிய வேண்டிய குறையையும் ஒல்லி அலமாரிக் குறையையும் தீர்க்கும் என்பது உண்மைதான்; விலையைக் கேட்டதும் அம்மா போசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மூன்று ஆண்டுகளில் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதல் கோடையில், வெளியே 40 டிகிரியைத் தொட்ட நாட்களில், பால் திரிகிறதே என்று நான் ஃப்ரீசரில் இருந்த திருகியை முழுக் குளிருக்குத் திருப்பி வைத்தேன். பால் இன்னும் சீக்கிரமாகத் திரிந்தது. எங்கள் மாடலில் அந்தத் திருகி குளிரைக் கூட்டுவதில்லை. கீழறைக்கு இறங்கும் காற்றின் வாயைச் சாத்துகிறது. ஃப்ரீசர் மேலும் குளிர, கீழறை வெதுவெதுப்பாகிவிட்டது. திருகியை நடுவில் வைத்து, ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தபோது 4 டிகிரி காட்டியது. கீழறைக்கு அதுவே சரியான அளவு. ஃப்ரீசருக்கு மைனஸ் 18.

இரண்டாம் ஆண்டில் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. கம்பெனி சர்வீசுக்குச் சொல்லி ஒன்பது நாட்கள் காத்திருந்தோம். வந்தவர் கதவு ரப்பரைக் குற்றம் சொல்லி அதை மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் நிற்கவில்லை. பிறகு ஊர் மெக்கானிக் ஒருவர் ஃப்ரீசரின் பின்தட்டைக் கழற்றினார். உருகிய நீர் இறங்கும் துளையில் கட்டைவிரல் அளவு ஐஸ் அடைத்திருந்தது. ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றினார், 'கடகட'வென்று பின்னால் இறங்கியது, வேலை முடிந்தது. அவரே போகிற போக்கில், இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ என்னும் தீப்பற்றும் வாயு என்பதால், கேஸ் நிரப்ப மட்டும் பழக்கமில்லாத ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். பக்கச் சுவர்கள் சூடாக இருப்பதைப் பார்த்துப் பயந்த எனக்கு, சூட்டை வெளியேற்றும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகின்றன, இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை இடம் விட்டால் போதும் என்றும் விளக்கினார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும் நாட்களில், கதவைத் திறக்காமல் இருந்தால் கீழறை நான்கு மணி நேரம் தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் இழுத்தால் பாலை மட்டும் ஃப்ரீசருக்கு மாற்றிவிடுகிறோம். ஃப்ரீசரையே சாதாரணக் குளிரறையாக மாற்றும் பொத்தான் உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்த மூவாயிரம், மாரியம்மன் நோம்பிக்கு உறவுக்கூட்டம் வந்திறங்கும் அந்த ஒரு வாரத்தில் மட்டும் பயன்படுகிறது; அந்த வாரத்தில் பூவும் பாலும் வைக்க வேறு இடமும் இருப்பதில்லை.

இந்த விலைக்கு, நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு, நிமிர்ந்து குனியத் தெம்புள்ளவர்கள் புழங்கும் சமையலறைக்கு இதையே வாங்கச் சொல்வேன். வீட்டில் முழங்கால் வலிக்காரர் யாராவது நாள்தோறும் காய் எடுப்பவராக இருந்தால், ஐந்தாறாயிரம் கூடினாலும் ஃப்ரீசர் கீழே உள்ளதைத் தேடிப் பிடியுங்கள். பழைய சிங்கிள் டோரை நாங்கள் விற்கவில்லை. அது தோட்டத்துச் சாளையில் மாட்டு மருந்தையும் மோரையும் வைத்துக்கொண்டு இன்னும் ஓடுகிறது. மோட்டார் போடும்போதெல்லாம் வோல்டேஜ் விழுவதால் அதற்கு மட்டும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினோம்.