எம்பிஆர் தொட்டிக்கு ஹாலோ ஃபைபரா, ஃப்ளாட் ஷீட்டா?

எம்பிஆர் என்பது நுண்ணுயிர்களும் சவ்வு வடிகட்டியும் சேர்ந்து கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை (membrane bioreactor). இதில், சேற்றை அடியில் படியவிடும் இரண்டாம் தெளிவுத் தொட்டி கிடையாது. சேற்றைப் பிரிப்பது சவ்வுதான். அது அடைத்தால் நிலையமே நிற்கும்.

ஹாலோ ஃபைபர் என்பது உள்ளே துளையுள்ள மெல்லிய இழைச் சவ்வு. இதில் சிறிய இடத்தில் அதிகச் சவ்வுப் பரப்பு அடங்கும். வடித்த நீரையே பின்னோக்கித் தள்ளி அலசலாம். முடியும் நூலும்தான் அதற்கு எமன்: இழைகளின் மேல்முனையில் சுற்றிச் சடையாகிவிடும், பிறகு கையால்தான் பிரிக்க வேண்டும். அவற்றைத் தொட்டிக்கு முன்பே தடுக்க 1 முதல் 2 மி.மீ. வட்டத்துளைச் சல்லடை போடுங்கள். கீற்றுச் சல்லடை வேண்டாம். முடி நீளவாக்கில் நழுவிவிடும்.

ஃப்ளாட் ஷீட், அதாவது தட்டுத் தட்டாக அடுக்கிய தட்டையான சவ்வு, 3 மி.மீ. சல்லடையோடும் ஓடும். பல வகைகளில் பின்னலசல் இல்லை; ஒன்பது நிமிடம் உறிஞ்சல், ஒரு நிமிடம் ஓய்வு என்று ஓட்டுவார்கள். சவ்வைத் துடைக்க அடியிலிருந்து ஊதும் காற்று அதிகம் கேட்கும், மின்கட்டணம் ஏறும். அடியிலுள்ள காற்றுத்துளை அடைத்தால் தட்டுகளுக்கிடையே சேறு கெட்டிப்படும்.

சவ்வு அடைத்து உறிஞ்சழுத்தம் ஏறினால் இரண்டு வகைக்கும் மருந்து ஒன்றே: நுண்ணுயிர்ப் படலத்துக்கு ஹைப்போகுளோரைட், கால்சியம் படிவுக்குச் சிட்ரிக் அமிலம். இந்த இரண்டு மருந்துகளுக்கும் நடுவில் நன்றாக அலசாவிட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

பஞ்சும் நூலும் கலந்து வரும் சாயக் கழிவுக்கு ஃப்ளாட் ஷீட்டையே சொல்வேன். இடம் நெருக்கடியான அடுக்குமாடி அடித்தளத்துக்கு ஹாலோ ஃபைபர், சல்லடையில் கஞ்சத்தனம் பார்க்காவிட்டால்.