இரண்டரை வருஷம் ஐ.சி.யூ.வில் இருந்தவள் சொல்கிறேன்

சென்னையில் 500 படுக்கைக்கு மேல் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பெயர் வேண்டாம், அனுபவச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.

வேலை பழக நல்ல இடம். ஆறாவது மாதமே வென்டிலேட்டர் கேஸைத் தனியாகப் பார்த்தேன். சம்பளத்தைக் கேட்காதீர்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த மத்தியக் குழு, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஹாஸ்டல், மெஸ் பிடித்தம் போக என் கைக்கு வந்தது 15,800.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் கணக்கு. எங்களுக்கு ஆளுக்கு இரண்டு, யாராவது லீவு போட்டால் மூன்று. மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.ஹெச். ஆய்வுக்கு ஆள் வரும் வாரம் மட்டும் வார்டிலிருந்து நர்ஸ்களை இறக்குவார்கள். ஆய்வு நடந்த மூன்று நாள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இதையெல்லாம் மீறி நான் அங்கே இருந்ததற்குக் காரணம் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். ஒரு நைட் டூட்டி, மூன்றரை மணி. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப்பில், இரத்த அழுத்தத்தை ஏற்றும் நாரட்ரீனலினுக்கு ரேட் 3 என்று போட வேண்டிய இடத்தில் 30 தட்டிவிட்டேன். ஸ்டார்ட் அழுத்துவதற்குள் கவனித்துவிட்டேன், ஆனால் கை நடுங்கியது. காலையில் வந்த சிஸ்டரிடம் சொன்னேன். "முதல்ல போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நடந்த பிழையைப் பதிவு செய்யும் இன்சிடென்ட் ஃபார்மை எழுத வைத்தார். அடுத்த வாரமே எல்லா பம்ப்பிலும் ரேட்டை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் என்று மாற்றினார்.

அவரை வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர், ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் எல்லார் முன்னாலும் ஃபார்மைப் படித்து, எழுதியவளை நிற்க வைத்தார். மூன்றாவது மாதம் எங்கள் யூனிட்டில் ஒரு ஃபார்மும் இல்லை. பிழையே நடக்காத யூனிட் என்று மேனேஜ்மென்ட் கேக் வெட்டியது. கேக் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் இரண்டு பேர் டோஸ் தவறவிட்டது எங்களுக்குள் மட்டும் தெரியும்.

வருஷா வருஷம் ஊழியர் திருப்தி சர்வே உண்டு. பெயர் எழுத வேண்டாம் என்பார்கள், முதல் கட்டத்தில் எம்ப்ளாயி நம்பர் கேட்கும். நான் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டேன்.

சேரப் போகிறவர்களுக்கு: எந்த யூனிட், இன்சார்ஜ் யார் என்று அங்கே வேலை பார்க்கும் யாரிடமாவது விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை, பழைய சிஸ்டருக்கு.