வளையலைக் கழற்றச் சொன்னார்கள், பிளேட்டைப் பற்றிக் கேட்கவில்லை

மதுரையில் பிசியோதெரபிக்கு இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிளினிக்கின் பெயரை நான் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

அம்மாவுக்கு 63 வயது. வீடு வில்லாபுரத்தில். மார்கழியில் விடிகாலை கோலம் போட வாசல் தெளித்தவர், தெளித்த தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தார். வலது தோளை ஒட்டிக் கை எலும்பு முறிந்து, பிளேட், ஸ்குரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லோடு ஒரு விசிட்டிங் கார்டையும் கவுண்டரில் நீட்டினார்கள். "பிசியோவுக்கு இங்கயே போங்க, நம்ம ஆளுதான்." நாங்களும் போனோம். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "யார் அனுப்பினாங்க?" பதிலை அம்மாவின் ஃபைலில் எழுதவில்லை, மேஜைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதில் குறித்துக்கொண்டார்கள். கமிஷன் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த நோட்டை மட்டும் மறக்க முடியவில்லை.

ஒரு சிட்டிங் 500 ரூபாய். 30 சிட்டிங் மொத்தமாகக் கட்டினால் 15,000க்குப் பதில் 12,000. கை எவ்வளவு தூரம் தூக்குகிறது என்று பார்க்கும் முன்பே 30 என்று எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜிபேயில் போட்டேன். கிளினிக் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆள் பெயருக்கு. ரசீது என்று வந்தது, முப்பது கட்டம் போட்ட ஒரு அட்டை.

போர்டில் பெயர் இருந்தவர் முதல் நாள் ஐந்து நிமிடம் வந்தார். தோளை அங்கே இங்கே அமுக்கிவிட்டு, "சரி பண்ணிடலாம்மா" என்று போய்விட்டார். அதன்பின் எல்லாமே ஒரு தம்பிதான். உசிலம்பட்டிப் பக்கம், நல்ல பையன், அம்மாவை அவ்வளவு மரியாதையாக நடத்துவான். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். பிளஸ் டூ முடித்து, ஒரு லேபில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறான். பிசியோதெரபி நாலு வருடத்துக்கு மேல் படித்து, மருத்துவமனைப் பயிற்சியும் முடிக்க வேண்டிய படிப்பு. அவன் கற்றுக்கொண்டதெல்லாம் எந்த பட்டனை எத்தனை நிமிடம் என்பதுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவனை அங்கே நிறுத்தி 500 ரூபாய் வாங்குபவரைத்தான் சொல்கிறேன்.

தினமும் ஒரே வேலை. ஈர ஸ்பாஞ்சு வைத்துக் கட்டி ஐ.எஃப்.டி. என்று வலிக்கு லேசான கரண்ட் கால் மணி நேரம், ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, ஒலி அலையால் செய்யும் சிகிச்சை), கப்பியில் கயிறு இழுப்பது பத்துத் தடவை. கட்டத்தில் ஒரு டிக். அந்தக் கரண்டால் வலி கொஞ்சம் அடங்கலாம், கெடுதல் என்று சொல்லவில்லை. ஆனால் இறுகிப்போன தோள் அதனால் மட்டும் விடாது, கையை அசைத்துப் பழக்க வேண்டும். வீட்டில் செய்ய ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். "அதெல்லாம் நீங்களா செஞ்சா தப்பாப் போயிரும். இங்க வந்து செய்ங்க" என்று பதில்.

பன்னிரண்டாம் நாள் ஐ.எஃப்.டி. மெஷின் ரிப்பேர். அந்தத் தம்பி ஒரு மூலையிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். தடித்த ஒயர், இரண்டு பட்டையான பேட். "டயதெர்மி வச்சிரலாம்மா, நல்லா சூடு இறங்கும்." பிறகு, "வளையலைக் கழட்டிருங்க, மெட்டல் கூடாது."

அம்மா பொறுமையாக இரண்டு வளையலையும் கழற்றி என் கையில் கொடுத்தார். பேட்டைத் தோளுக்கு முன்னும் பின்னும் வைத்தான். ஐந்து நிமிடம் இருக்கும், "ஏம்ப்பா, உள்ளுக்குள்ள சுருக்குன்னு சுடுதே, எலும்புல" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் போட்ட மெட்டல் கூடாது என்றால், கைக்குள் வைத்த மெட்டல்? "தம்பி, பிளேட் இருக்குப்பா!" என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆஃப் செய்தான். பிளேட் இருக்கும் விஷயம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபைலுக்குள் டிஸ்சார்ஜ் சம்மரி மடித்தது மடித்தபடியே இருந்தது.

சாதாரண ஒத்தடம் வேறு, இது வேறு. ஷார்ட்வேவ் டயதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸ் அலையால் தோலுக்கு அடியில் ஆழத்தில் சூடு ஏற்றுவது. உள்ளே உலோகம் இருந்தால் சூடு அதைச் சுற்றிக் குவிந்து சதை வெந்துபோகலாம். உலோகம் வைத்த இடத்தில் அதை வைக்கக் கூடாது என்பது படித்தவர்களுக்குப் பால பாடம். மறுநாள் ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்றார். சீக்கிரம் நிறுத்தியதால் தப்பித்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். மீதி 18 சிட்டிங், 7,200 ரூபாய். "பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா வீட்ல வேற யாருக்காவது மாத்திக்கோங்க" என்றார்கள். சினிமா டிக்கெட்டா அது? எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தோள் உடையவில்லை.

அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டுக்கு வரிசை, பெஞ்சில் காத்திருப்பு, எல்லாம் உண்டு. ஆனால் அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுதாகப் படித்தார். அடுத்து, நாம் பள்ளியில் வைத்திருந்த கோணமானிக்கு அண்ணன் மாதிரி ஒன்றை எடுத்துத் தோளில் வைத்து, கை எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து, 70 டிகிரி என்று எழுதினார். எந்த மெஷினும் வைக்கவில்லை. மல்லாந்து படுத்து ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவது, விரலால் சுவரில் ஏறுவது, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. தினம் மூன்று வேளை வீட்டிலேயே. வாரம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். வீட்டில் கம்புக்குத் துடைப்பக் கட்டைதான். ஆறாவது வாரம் 130 டிகிரி.

பிசியோதெரபிஸ்ட் தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் டெல்லியில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் ஒரு கடிதம் போட்டு, மறுநாளே திரும்பப் பெற்றது. என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். யார் படித்தவர், தினமும் கை வைக்கப்போவது யார், இன்று எத்தனை டிகிரி, எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். உடம்பில் பிளேட், ராடு, பேஸ்மேக்கர் எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், ஆள் மாறினால் மறுபடியும் சொல்லுங்கள். பணத்தை அன்றன்றைக்குக் கட்டி பில் வாங்குங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் பன்னிரண்டு டிக் விழுந்த அட்டையும் பத்திரமாக இருக்கின்றன.

அம்மா போன வாரம் தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டார். போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஏழாயிரத்து இருநூறு என்னாச்சு?"