அளவெடுக்காமல் பௌலிங் பந்தில் துளை போட்டுத் தருகிறார்கள், ஏமாறாதீர்கள்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் சொந்தப் பௌலிங் பந்து (உருட்டிப் பின்களை விழவைக்கும் ஆட்டத்தின் பந்து, விரல் விடத் துளை போட்டது) வாங்கப் போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். துளை போடுகிறவர் உங்கள் பிள்ளை பந்து வீசுவதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் மெஷினை ஓட்டப் போனால், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். காசு கொடுத்திருந்தாலும் பரவாயில்லை.

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் பௌலிங் அணியில் இருக்கிறாள். போட்டிக்கென்று ஒரு ரியாக்டிவ் பந்து (நன்றாகப் பிடித்துத் திரும்பும் வகை) வேண்டும் என்றாள். நம்மவர் ஒருவர் நடத்தும் ப்ரோ ஷாப்புக்கு, அதாவது பந்து விற்றுத் துளை போட்டுத் தரும் கடைக்குப் போனோம். பந்து 300 வெள்ளிக்கு மேல். அதற்கு மேல் "ஸ்பெஷல் லேஅவுட்" (பந்தில் துளைகளை எந்த இடத்தில் போடுவது என்ற கணக்கு) என்று தனிக் கட்டணம் வேறு. "அண்ணே, இந்த லேஅவுட் போட்டா எண்ணெய் எப்படி இருந்தாலும் பந்து திரும்பும்" என்றார். விரல் அளவை மட்டும் எடுத்தார், உடனே துளை போட்டுக் கொடுத்துவிட்டார்.

எல்லா எண்ணெய்க்கும் ஒத்துப்போகிற லேஅவுட் என்று ஒன்று கிடையவே கிடையாது. லேன், அதாவது பந்து உருளும் பாதை, 60 அடி. அதில் முன்பக்கம் சுமார் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள், மிச்சம் எண்ணெய் இல்லாத காய்ந்த பகுதி. வாடிக்கையாளர்கள் பொழுதுபோக்காக ஆடும் லேனில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. கொஞ்சம் தப்பாக வீசினாலும் பந்து தானாகவே பாக்கெட்டுக்கு (முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு) வந்துவிடும். போட்டிக்குப் போடும் எண்ணெய் ஓரம்வரை ஏறக்குறைய சமமாக இருக்கும், அங்கே அந்தச் சலுகை இல்லை. பந்து எங்கே திரும்பத் தொடங்குகிறது என்பதுதான் அங்கே எல்லாம்.

லேஅவுட் செய்கிற வேலை அங்கேதான் வருகிறது. பந்தின் மேல் சின்னதாக ஒரு நிறப்புள்ளி இருக்கும், உள்ளே இருக்கும் கோரின் (கனமான உட்கட்டையின்) தலைப்பக்கத்தைக் காட்டும் அடையாளம். அதைப் பின் என்பார்கள். (கீழே அடித்து விழவைக்கிற பின் வேறு.) கையை விட்டதும் பந்து ஓர் அச்சில் சுழலும். அந்த அச்சு பந்தின் பக்கவாட்டில் வந்து முட்டும் இடம்தான் பிஏபி. இது ஆளுக்கு ஆள் மாறும். பின்னுக்கும் பிஏபிக்கும் நடுவே உள்ள தூரம் 3 3/8 அங்குலம் என்றால் ஃப்ளேர் (பந்து லேனைத் தொடும் தடம் சுற்றுக்குச் சுற்று விலகுவது) உச்சத்தில் இருக்கும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய இடம் லேனைத் தொடும், பிடிப்பு கூடும். தூரம் 6 3/4 அங்குலத்தை நெருங்கினாலோ சுழியத்தை நெருங்கினாலோ ஃப்ளேர் அநேகமாக இருக்காது. பிஏபி தெரியாமல் இந்தத் தூரத்தை வைப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

முதல் நாளே தெரிந்துவிட்டது. பந்து உருண்டு போகும்போது டொக், டொக் என்று சத்தம். திரும்பி வந்த பந்தைத் தூக்கிப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் விசிறி மாதிரி விரிந்து, நேராக விரல் துளைகளின் விளிம்பிலேயே ஏறியிருந்தன. துளை லேனில் பட்டால் சத்தம் மட்டும் இல்லை, பந்து எப்படிப் போகும் என்றே சொல்ல முடியாது. அவள் வேகம் குறைவு. இவ்வளவு ஃப்ளேர் வேறு சேர்ந்ததால், பந்து சீக்கிரமே திரும்பி, பின்களுக்குப் போய்ச் சேரும்போது தெம்பே இல்லாமல் இருந்தது.

கடைக்குப் போனேன். "பழகினா சரியாயிடும்ணே" என்றார். விடவில்லை என்றதும், இன்னொரு துளை போட்டால் ஃப்ளேர் குறையும் என்று சொல்லி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நாலாவது துளை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. விரல் விடுவதற்கு இல்லாமல் எடையைச் சரிக்கட்டப் போடும் துளையை அமெரிக்காவின் பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி 2020 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்துவிட்டது. தொழில் செய்கிற யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை இது. அந்த விதிப்படி நடக்கும் ஒரு போட்டியில் பந்தைப் பரிசோதித்தபோது, நாலாவது துளையில் விரலை வைத்துக் காட்டி, இது ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். மகள் அன்று இரவல் பந்தில் ஆடினாள். "அப்பா, நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள்.

அப்புறம் அவளுடைய கோச் சொன்ன வேறொருவரிடம் போனோம். அவர் முதலில் லேனுக்கே வந்து அவள் வீசுவதைப் பார்த்தார். பந்தில் இருந்த எண்ணெய் வளையத்தின் மேல் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்தார். பிடியின் நடுவிலிருந்து பிஏபி 4 1/8 அங்குலம். பழைய கடை தந்த தாளில் 5 அங்குலம் என்று எழுதியிருந்தது. யாருக்கும் பொதுவாகப் போடுகிற கணக்கு அது. பின்னை பிஏபியிலிருந்து 4 1/4 அங்குலம் தள்ளி வைத்ததாகத் தாள் சொல்கிறது, ஆனால் அவள் கைக்கு அது 3 3/8க்குப் பக்கத்திலேயே வந்து விழுந்திருக்கிறது. துளைகளை அடைத்து மறுபடி போட்டுக் கொடுத்தார். லேஅவுட்டைவிட பந்தின் மேற்பரப்புதான் பெரிய வித்தியாசம் காட்டும், சொரசொரப்பான 500 தேய்ப்புப் பேடால் தேய்த்த பந்தும் மென்மையான 4000 பேடால் தேய்த்த பந்தும் ஒரே எண்ணெயில் வேறு வேறு பந்துகள் என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார். முதல் கடையில் மேற்பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. காசு வாங்கத் தோதான பேச்சு லேஅவுட்தானே.

முதல் கடையில் பணத்தைக் கேட்டதற்கு, துளை போட்ட பந்தைத் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டது பந்துக்கு இல்லை, செய்யாத அளவெடுப்புக்கும் போடக்கூடாத துளைக்கும் வாங்கிய காசு. பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்தேன். பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்திருக்கிறேன். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ரசீது, லேஅவுட் தாள், எண்ணெய் வளையம் தெரியும் படம், நாலாவது துளையின் படம் எல்லாம் இணைத்தாகிவிட்டது. முடிவு வரும்வரை கடையின் பெயரை எழுதவில்லை.

உங்கள் வீட்டில் கடையில் துளை போட்ட பந்து இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். விரல்களுக்கான துளைகளைத் தவிர வேறு துளை இருந்தால் போட்டி நாளுக்கு முன்பே அடைத்துவிடுங்கள். எழுதித் தந்த தாளில் பிஏபி எவ்வளவு என்று பாருங்கள், அதை எப்போது அளந்தீர்கள் என்று கடைக்காரரிடமே கேளுங்கள்.