திருச்சியில் ஓர் அட்டெஸ்டேஷன் ஏஜென்சி: நெதர்லாந்துக்கு ஒரு கட்டு, ஷார்ஜாவுக்கு ஒரு கட்டு

மகள் குடும்பத்தோடு நெதர்லாந்தில் ஐந்தோவனுக்குக் கிளம்புகிறாள். மருமகளுக்கு ஷார்ஜாவில் டீச்சர் வேலை. இரண்டு கட்டு சர்டிபிகேட்டுக்கும் அட்டெஸ்டேஷன், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி முத்திரை வாங்குகிற வேலை, என் தலையில் விழுந்தது. சார்பதிவாளர் ஆபீஸில் காலமெல்லாம் முத்திரையோடு குப்பை கொட்டியவன் ஆயிற்றே, "அப்பா பாத்துப்பாரு" என்று விட்டுவிட்டார்கள்.

திருச்சியில் டிராவல்ஸ் போர்டு தொங்குகிற இடமெல்லாம் அட்டெஸ்டேஷன் போர்டும் தொங்கும். முதலில் நுழைந்த கடையில் நான் வாயைத் திறப்பதற்குள், "எம்பஸியோட சேத்து ஒண்ணுக்கு ஒம்போதாயிரம் சார்" என்றார் ஒருவர். எந்த நாடு என்று கேட்கவே இல்லை. நெதர்லாந்துக்கு எம்பஸி முத்திரை எதற்கு? ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு தூதரக முத்திரை இல்லாமலே ஏற்றுக்கொள்வதற்கான 1961 ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடும் இருக்கின்றன. இந்தியாவுக்கு அது 2005 ஜூலையில் அமலுக்கு வந்தது. அப்போஸ்டில் என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தருகிற சான்றொப்பு ஒன்றே போதும். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தில்லைநகரில், மாடியில் இருக்கிற சின்ன ஆபீஸ் இரண்டாவது. கவுண்டரில் இருந்த பெண் உட்காரச் சொல்லிவிட்டு, "எந்த நாடு சார்? வேலைக்கா, குடும்பத்தோட போறாங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் பாஸ்போர்ட் நகலை வாங்கி சர்டிபிகேட் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல்தானே எமன். மருமகளுடைய பட்டத்தில் எஸ் என்று ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர் முழுசாக. "இது பரவாயில்ல சார், அப்பா பேர் பத்தாவது மார்க் ஷீட்டுல இருக்கும், அதோட நகலையும் வச்சுக்கச் சொல்லுங்க. ஆனா பர்த் சர்டிபிகேட்டுல ஸ்பெல்லிங்கே வேற, அதை மொதல்ல திருத்திட்டு வாங்க." பணம் வாங்கிப் போட்டுக்கொண்டு, பின்னால் திரும்பி வந்த பிறகு கையை விரித்திருக்கலாம். செய்யவில்லை.

மகளின் திருமணச் சான்று லேமினேட் செய்தது. அதைப் பிரித்துத் தருகிறேன் என்று சொல்கிற ஆட்கள் உண்டு. பாதி நேரம் பச்சை மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். இவர்கள் தொடவே மாட்டேன் என்றார்கள். பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் புதிதாக வாங்கி வரச் சொன்னார்கள். என் பழைய இலாகாவுக்கே என்னை அனுப்பினார்களே என்று சிரிப்பு வந்தது, ஆனால் சொன்னது சரி.

வேலை நடக்கிற விதம் இதுதான். பிறப்பு, திருமணச் சான்று, பட்டம் எதுவானாலும் முதலில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் சம்பந்தப்பட்ட துறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்புறம் சென்னையில் உள்ள வெளியுறவு அமைச்சகக் கிளை. அங்கே நாம் நேரில் காகிதத்தை நீட்ட முடியாது; அமைச்சகம் அமர்த்தியிருக்கிற ஏஜென்சி வழியாகத்தான். தில்லைநகர்க்காரர்கள் அந்த ஏஜென்சி அல்ல, அங்கே கொண்டு போய்க் கொடுத்து வாங்கி வருகிறவர்கள். இதையும் கேட்காமலே சொன்னார்கள். நெதர்லாந்துக் கட்டு அதோடு முடிந்தது. பிறப்புச் சான்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம்; அங்குள்ள நகராட்சி ஆங்கிலத்தை ஏற்றுக்கொள்கிறது.

ஷார்ஜா வேறு கதை. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. தலைமைச் செயலகம், வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஏறி, அங்கே போன பிறகு அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்திலும் ஒரு முத்திரை, அதற்கு ஒரு சான்றுக்கு 150 திர்ஹம். கல்ஃப் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஓமனும் பஹ்ரைனும் எப்போதோ ஒப்பந்தத்தில் சேர்ந்தாயிற்று, சவுதிக்கு 2022 டிசம்பரில் அமலாயிற்று. பக்கத்து நாற்காலியில் ஒரு பையன் ஜெர்மனிக்கு அப்போஸ்டில் கேட்டான். அந்தப் பெண், "ஜெர்மனி நம்ம அப்போஸ்டில ஒத்துக்கறதில்ல தம்பி, அவங்க கான்சுலேட்டுல என்ன கேக்கறாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். இந்தியா சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்த நாடு. வந்த காசை வேண்டாமென்று சொல்ல அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்த சான்றுகளின் முதுகில் அப்போஸ்டில் ஸ்டிக்கர். வரிசை எண் போட்டு பத்து வரிகள்: நாடு, கையெழுத்திட்டவர், அவர் பதவி என்று போகும். அதில் இருக்கிற எண்ணை இணையத்தில் போட்டால் உண்மையா பொய்யா என்று காட்டிவிடும். என் முன்னாலேயே போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஆபீஸுக்கு சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பவர் பத்திரங்கள் வரும், நாங்கள் தூதரக முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். இது எவ்வளவோ மேல்.

குறை இல்லாமல் இல்லை. மருமகளின் ஒரிஜினல் பட்டத்தின் பின்புறம், நல்ல நடு இடத்தில், நோட்டரி ரப்பர் ஸ்டாம்ப் கோணலாக விழுந்திருக்கிறது. மேலே வர வேண்டிய முத்திரைகளுக்கு இடம் விட்டு ஓரமாகக் குத்தத் தெரியாதா? கேட்டதற்கு, "மெட்ராஸ் பையன் குத்திட்டான் சார்" என்று பதில். இன்னொன்று கட்டணம். அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குவது சான்றுக்கு 50 ரூபாய், அதற்கு மேல் அந்த அமர்த்தப்பட்ட ஏஜென்சியின் சேவைக் கட்டணம். எனக்கு ஒரு சான்றுக்கு மொத்தம் 3,800 ஆயிற்று. சென்னைக்கு அலைந்து, வரிசையில் நிற்கிற கூலி அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது அரசுக் கட்டணம், எது உங்கள் கூலி என்று பிரித்து பில் போட வேண்டாமா? ஒரே வரியில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று எழுதிக் கொடுத்தால் எப்படி?

சென்னையில் ஆள் இருப்பவர்கள் நேராக அந்த ஏஜென்சிக்கே போகலாம், பாதிக் காசு மிச்சம். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் இங்கே தைரியமாகக் கொடுக்கலாம். நாலு ஸ்டார். லேமினேட் செய்த சான்று வைத்திருப்பவர்கள் மட்டும் புது நகலை வாங்கிக்கொண்டு மாடி ஏறுங்கள், லிஃப்ட் கிடையாது.